அக்காவை வரைந்த காலை

ஸ்டூடியோவிலிருந்து வந்த படத்தை அக்கா கவரிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் நீட்டினாள்.

"பொண்ணு நல்லா இருக்குது. மாப்பிள்ளை வீட்ல இவளையே கட்டிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

படத்தில் இருந்தது அக்காதான். பச்சைப் பட்டு, அம்மாவின் ஆரம், லேசாகத் திருப்பிய முகவாய். ஆனால் அவள் உதட்டோரத்தில் தொடங்கி முகவாய் வழியாகக் கழுத்து வரை இறங்கும் வெண்புள்ளியைக் காணோம். இடது கண்ணைச் சுற்றி இருந்ததும் இல்லை. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அழித்து, அத்தோடு முகத்தையும் இரண்டு மடங்கு சிவப்பாக்கிக் கொடுத்திருந்தார்.

"நாம கேக்காமலேயே செஞ்சி குடுத்திருக்காரு. நல்ல மனசுதான்" என்றாள் அம்மா.

"நல்ல மனசுதான்மா. யாரு இல்லேன்னாங்க" என்று பின்கட்டிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

அப்போது நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் இருந்தோம். இப்போதும் அம்மா, அப்பா, நான் மூவரும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். முன்னறை முழுக்கத் தறி. அப்பா குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்து நெய்வார். பார்டரும் உடலும் வேறு வேறு நிறமாக வரும் புடவை என்றால் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கைகொடுப்பாள். தறிச் சத்தம் நின்றால்தான் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றும். அக்காவும் நானும் அந்தச் சத்தத்தில் படித்தோம், சண்டை போட்டோம், தூங்கினோம்.

அக்காவுக்குப் பத்தாவது படிக்கும்போது உதட்டோரத்தில் ஒரு மிளகளவு வெளுப்பு வந்தது. அம்மா அதைப் பல்பொடி என்று நினைத்து முந்தானையால் துடைத்தாளாம். அது போகவில்லை. கல்லூரி முடிப்பதற்குள் முகவாய்க்கும், பிறகு விரல்நுனிகளுக்கும் வந்துவிட்டது. உறவுக்காரர்கள் அந்தப் பழைய, அசிங்கமான பெயரைச் சொன்னால் அக்கா நிதானமாகத் திருத்துவாள். "அது வேறங்க. இது வெண்புள்ளி." யார் எத்தனை முறை சொன்னாலும் அதே நிதானத்தோடு திருத்துவாள். அந்தப் பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் வராது.

அவள் லேப் டெக்னீஷியன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்காக விடிந்ததும் அவள்தான் போய்த் திறக்க வேண்டும். கையுறை போடுவதற்குமுன் அவள் விரல்களைச் சிலர் உற்றுப் பார்ப்பார்கள். ஒரு முறை ஒரு பெரியவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். "ஏம்மா, இது தொத்துமா?" அக்கா அவர் கையைத் திருப்பி நரம்பைத் தேடிக்கொண்டே, "குத்தறதுதாங்க என் வேலை. தொத்தறது இல்ல" என்றாளாம். அவர் சிரித்த சிரிப்பில் ஊசி போனதே தெரியவில்லையாம். அன்று இரவுச் சாப்பாட்டில் இதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரித்தாள்.

நான் அப்போது சென்னையில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் இல்லை, தினமும் ரயிலில்தான் போய்வருவேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களை ஒரு சிறிய தாளில் வரைந்துகொண்டே போவேன். அதனால்தான் அந்த ஸ்டூடியோ படம் வந்த மறுநாள் மாலை, நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்டாள்.

"வழியில வர்றவங்க போறவங்கள எல்லாம் வரையறியே. என்னை ஒரு தபா வரைஞ்சி குடு. அதையே அனுப்பிடலாம்."

"மாப்பிள்ளை வீட்டுக்கா? பென்சில் படத்தையா?"

"ஆமா. இன்னாத்துக்கு முழிக்கிற? முடியுமா முடியாதா?"

முடியும் என்றேன். அவ்வளவு எளிதில் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். அங்கே புல்வெளியும் நிழலும் உண்டு; கூட்டமும் கிடையாது. அக்காவைச் சுவரோரமாக ஒரு படியில் உட்காரவைத்து, பெரிய தாளை மடியில் வைத்துக்கொண்டு நான் தொடங்கினேன். கல்லூரியில் கற்றதையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. கன்னத்து நிழல், கண்ணுக்குக் கீழே இருக்கிற சிறிய பள்ளம், முடியின் பளபளப்பு எல்லாம் வந்தன. வெண்புள்ளியையும் விடவில்லை. சுற்றிலும் பென்சிலால் நிழலேற்றி, அந்த இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டேன். நிழல் மாறிப்போனதால் அடுத்த ஞாயிறும் அதே படியில் போய் உட்கார்ந்தோம்.

முடித்துக் காட்டியபோது அக்கா படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், பிறகு கிட்டத்தில்.

"நல்லா வரைஞ்சிருக்கடி. ஆனா இதுல வெள்ளைதான் என்னைப் பாக்குது. நான் எங்க இருக்கறேன்?"

அவள் சொன்னது உடனே புரிந்தது. அந்த இரண்டு ஞாயிறும் நான் அதிக நேரம் செலவழித்தது அவள் கண்ணிலோ வாயிலோ அல்ல. நிறம் முடிந்து வெளுப்பு தொடங்குகிற அந்த எல்லைக் கோட்டில்தான். நில அளவைக்காரர் மாதிரி அங்குலம் அங்குலமாக அதன் வளைவுகளைப் பிடித்திருந்தேன். படத்தைப் பார்க்கிற யாருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போய் விழும்.

வீட்டில் இன்னொன்று வரைந்தேன். அதே நிழல், அதே பளபளப்பு, ஆனால் வெண்புள்ளி மட்டும் இல்லாமல். அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். அலமாரியில் இருந்த ஸ்டூடியோ கவரை எடுத்து, அந்தப் படத்தையும் அதற்குள் செருகிவிட்டு, "சாப்டியா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. இருப்பதை வரைந்தால் அது மட்டும்தான் தெரிகிறது; வரையாவிட்டால் பொய்யாகிவிடுகிறது. இதற்கு நடுவில் வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சில நாட்கள் அந்தப் பேச்சையே இருவரும் எடுக்கவில்லை.

ஆனால் ரயிலில் வரைவதை நான் விடவில்லை. ரயிலில் நிழலேற்ற நேரம் கிடைக்காது. எதிரில் இருக்கிற பூக்காரம்மா வாலாஜாபாத்தில் இறங்கிவிடுவாள். நின்றுகொண்டே தூங்குகிற கம்பெனிப் பையன் செங்கல்பட்டு வந்ததும் காணாமல் போய்விடுவான். வண்டி வேறு குலுங்கும். அதனால் எது இல்லாவிட்டால் அந்த ஆள் அவராக இருக்கமாட்டாரோ அதை மட்டும் முதலில் இழுத்துவிட வேண்டும். ஒருவருக்கு அது குனிந்த கழுத்தாக இருக்கும், இன்னொருவருக்கு மூக்கும் மீசையுமாக இருக்கும். மற்றது வந்தால் வரட்டும். அந்தப் படங்களை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. கல்லூரியில் யாரிடமும் காட்டியதுமில்லை.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா லேபுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், நான் ரயிலுக்கு. அம்மா வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதற்குள் தறியில் உட்கார்ந்துவிட்டார். நடுக்கூடத்தில் மேலே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அது வழியாக விழுகிற வெளிச்சத்தில் நின்றுதான் அக்கா எப்போதும் தலை கட்டுவாள். அன்றும் அங்கேதான் நின்றாள். இரண்டு கைகளும் பின்னால் போயிருந்தன. முடியை முறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு கொண்டை ஊசியைக் கடித்திருந்தாள். கண்கள் தாழ்ந்திருந்தன; அன்றைக்குச் செய்ய வேண்டிய ஏதோ ஒன்றை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. என் பை தோளில் தொங்கியது. அப்படியே கதவில் சாய்ந்து, ரயிலுக்கு வைத்திருந்த சிறிய தாளில் வரைந்தேன்.

வகிட்டிலிருந்து காதோரம் வளைந்து இறங்கும் ஒரு கோடு. நெற்றியும் மூக்கும் ஒரே இழுப்பில். தாழ்ந்த இமைக்கு ஒரு சின்ன வளைவு. ஊசியைக் கவ்விய உதடு. முகவாயிலிருந்து கழுத்து வழியாக உயர்ந்த தோள் வரை நிற்காமல் போகும் ஒரு கோடு. காதுத் தோட்டுக்கு ஒரு புள்ளி. கொண்டையை முடிக்கவில்லை, பாதியில் விட்டேன். அவள் ஊசியைச் செருகுவதற்குள் படம் முடிந்துவிட்டது.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? ரயில் போயிடும்" என்றாள்.

காட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை. முதலில் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு தாளை ஓரத்தில் பிடித்து, வெளிச்சத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். முன்னறையில் தறியின் நாடா இழைகளுக்கு நடுவே போய்வருகிற சத்தம் கேட்டது.

"நான்தான்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம், ஆனால் உள்ளுக்குள் ஒரு உறுத்தல். "வெள்ளைய வரையலியேக்கா. அது தப்பில்லியா?"

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "கறுப்பையும்தான் வரையல."

அன்று ரயிலைத் தவறவிட்டேன்.

படத்தைப் போனில் எடுத்து, ஜாதகம் கொண்டுவந்த தரகருக்கு அனுப்பினோம். மாப்பிள்ளை வீடு வாலாஜாபாத். அரிசி மண்டி வைத்திருந்தார்கள். அம்மா வழியில் தூரத்து உறவு. அனுப்புவதற்குமுன் அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். வெண்புள்ளி இருப்பதை அப்பா தன் வாயால் சொல்லிவிட வேண்டும். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. தரகரிடம் பேசும்போது முழுதாக எழுந்து நின்றார்.

"படம் வந்துச்சிங்க. போட்டோ இல்லீங்களா?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது.

"இதாங்க போட்டோ. பொண்ணுக்கு மூஞ்சில, கையில வெண்புள்ளி இருக்குதுங்க. அதையும் சொல்லிடுங்க. தெரிஞ்சி வர்றதா இருந்தா வரட்டும்."

வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அத்தை. கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். அக்கா எப்போதும் உடுத்துகிற பருத்திப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். பவுடர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அத்தைக்காரி படத்தைக் கேட்டு வாங்கி, அக்காவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல நல்லாத்தான் இருக்குது. ஏம்மா, இது எப்ப வந்துது?"

"பத்தாவது படிக்கச்சொல்லோங்க."

"இன்னும் பரவுமா?"

"பரவலாம். பரவாமலும் இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதுங்க."

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. கேட்க வேண்டியதை நேராகக் கேட்டார், அவ்வளவுதான். மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே என்னிடம் மட்டும், "நீங்க வரைஞ்சதா?" என்றார். ஆமாம் என்றேன். "நாலு கோடுதான் இருக்குது. ஆனா உள்ள வந்ததும் இவங்கதான்னு தெரிஞ்சிடுச்சி" என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குள் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லியிருக்கலாமே என்றும் தோன்றியது.

ஒரு வாரம் கழித்துத் தரகர் போன் செய்தார். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அப்பா தறியிலேயே உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருந்தார்.

"பொண்ண எல்லாருக்கும் புடிச்சிருக்குதாம். கேரளாவுல ஒரு வைத்தியர் இருக்காராம். ஒரு வருஷம் மருந்து சாப்ட்டு, கொஞ்சம் அடங்கினப்புறம் தேதி வெச்சிக்கலாம்னு சொல்றாங்க. செலவுகூட அவங்களே பாத்துக்கறாங்களாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் நம்பிக்கை வந்திருந்தது. அப்பா நாடாவை ஓரமாக வைத்துவிட்டு, குழியிலிருந்து காலை எடுத்து மேலே வந்தார்.

"வேணாங்க" என்றார்.

"அவசரப்பட்டு சொல்லாதீங்க. நல்ல எடம்."

"நல்ல எடந்தாங்க. எம்பொண்ணுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்குது. வைத்தியம் பண்ற மாதிரி ஒண்ணும் இல்லீங்க. அவங்க கிட்ட மரியாதையா சொல்லிடுங்க."

போனை வைத்ததும் அம்மா அழுதாள். "இன்னா இப்டிப் பட்டுனு சொல்ட்டீங்க? அவளை ஒரு வார்த்த கேக்க வேணாவா?" என்றாள். அப்பா மறுபடி குழிக்குள் இறங்கினார். ஆனால் தறிச் சத்தம் வெகுநேரம் எழவில்லை. அறுந்துபோகாத இழைகளை அறுந்துபோனதுபோலத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அக்கா வந்ததும் அம்மா நடந்ததைச் சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ராட்டையை இழுத்து அப்பாவுக்கு நாடாவில் போடுகிற நூலைச் சுற்றிக்கொடுக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் முடிந்தபிறகு அவள் அந்த வேலையைத் தொட்டதே இல்லை. சுற்றிய கண்டுகளை அப்பா ஒவ்வொன்றாக வாங்கி நாடாவில் போட்டுக்கொண்டு நெய்தார். அம்மாதான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காபியாவது குடிங்க ரெண்டு பேரும்" என்று கொண்டுவந்து வைத்தாள்.

அதற்குப்பிறகு சில வருடங்கள் வரன் பேச்சு எடுக்கவில்லை. நான் படிப்பை முடித்து, புடவை டிசைன் போடுகிற வேலைக்கு உள்ளூரிலேயே சேர்ந்தேன். அக்கா படத்தைச் சட்டம் போட்டு, லேபில் தன் மேசைக்கு எதிரே மாட்டிக்கொண்டாள். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள், ஊசியைப் பார்க்காமல் இருக்க அதைப் பார்ப்பார்களாம்.

கூரத்திலிருந்து ஒரு வாத்தியார் தன் அம்மாவைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு மாதாமாதம் பைக்கில் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு நாள் அவர் மட்டும் தனியாக வந்தார். அக்கா அதை எனக்குச் சொன்ன விதம் இப்போதும் காதில் இருக்கிறது.

"வந்து நிக்கறாரு. 'உங்க வீட்ல யாருகிட்ட பேசணும்'னு கேக்கறாரு. நான் பயந்துட்டேன். 'ஏங்க, ரிப்போர்ட்ல ஏதாச்சும் தப்பா?'ன்னேன். 'இல்ல, ரிப்போர்ட் எல்லாம் சரியாத்தான் இருக்குது. நான் கல்யாண விஷயமா கேட்டேன்'ங்கறாரு. கையில சிரிஞ்சி வெச்சிக்கினு நிக்கறேன்டி நான்."

"நீ இன்னா சொன்னே?"

"அப்பா நம்பர எழுதிக் குடுத்தேன். வேற இன்னா பண்றது?"

கச்சபேஸ்வரர் கோயிலில் கல்யாணம். அப்பா நெய்த அரக்குப் புடவை. போட்டோக்காரரிடம் அக்கா முன்கூட்டியே சொல்லிவைத்தாள்: "இருக்கறபடி இருக்கட்டும்ணா." அவர் அப்படியே விட்டார். கல்யாணத்துக்குப்பின் சட்டம் போட்ட படம் அவளோடு கூரம் போயிற்று. வாத்தியார் மாமா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூக்கு கொஞ்சம் நீளமா இருக்குதே" என்றாராம். அக்கா அன்றே போன் செய்து, சிரிப்பு அடங்காமல் என்னிடம் புகார் வாசித்தாள். மாமாவுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாற்றல் வந்தபோது படமும் அங்கே போயிற்று.

இங்கே காலை நேரம் கொஞ்சம் வெறிச்சோடிவிட்டது. தறிச் சத்தம் இருக்கிறது. அம்மா தண்ணீர் பிடிக்கிறாள். கண்ணாடி ஓடு வழியாக அதே வெளிச்சம் விழுகிறது. நான் கம்ப்யூட்டரில் மயிலும் மாங்காயும் கட்டம் கட்டமாகப் போடுகிறேன். ஒவ்வொரு இழைக்கும் ஒரு கட்டம். அதில் எதையும் விட்டுவிட முடியாது. சில நாள் கிளம்பும்போது, கூடத்தைக் கடக்கையில் என் கால் தானாக மெதுவாகும். "ரயில் போயிடும்" என்று சொல்ல அங்கே யாரும் நிற்பதில்லை. எனக்கும் இப்போது ரயில் கிடையாது.

போன மழைக்காலத்தில் கிருஷ்ணகிரி வீட்டுச் சுவரில் ஓதம் ஏறி, படம் கெட்டுப்போயிற்று. தாள் பழுத்து, பென்சில் கோடுகள் மங்கி, இமை இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கறை. அக்கா போனில் சொன்னபோது அவள் குரல் சரியாக இல்லை. "நீ வந்து இன்னொண்ணு வரைஞ்சி குடு" என்றாள்.

போனேன். அவளுக்கு இப்போது சொந்தமாகச் சின்ன லேப். ஒரு பெண் பிள்ளை. வெளுப்பு நெற்றி வரை ஏறியிருக்கிறது. காதோரத்தில் மட்டும் பழைய நிறம் மிச்சம். முடியைக் குட்டையாக வெட்டிவிட்டாள். சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எதிரில் தாளோடு உட்கார்ந்தேன். அதே மாதிரி வரைந்துவிட வேண்டும் என்று பார்த்தேன். மூன்று தாள் வீணாயிற்று. கண் தாழ்ந்தால் வாய் பேசுகிறது, வாய் நின்றால் மகளைப் பார்த்துத் தலை திரும்புகிறது. அம்மாவின் முழங்கால், மாமாவின் பள்ளிக்கூடச் சண்டை, எதிர்வீட்டு நாய் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளை நிறுத்தச் சொல்வதை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டே வரைந்தேன்.

அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாடி, வாயைத் தெறந்துக்கினு இருக்கற மாதிரி போட்டிருக்கற?"

"நீ மூடலியேக்கா."

மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். அது பார்த்துவிட்டு, "அம்மா திட்டுது" என்றது. அக்கா பட்டாணித் தோலை அதன்மேல் எறிந்தாள். மாமா பள்ளியிலிருந்து வந்ததும் பார்த்துச் சொல்லட்டும் என்று, படத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, எனக்கு எத்தனை தோசை வேண்டும் என்று கேட்டாள்.